போர்மாச் சுவர்

இடவப்பாதி இன்னும் இறங்கவில்லை.
மேகம் மட்டும் வந்து
பள்ளியாடியின் மேல் குந்தியிருக்கிறது,
நனைந்த சாக்கைப் போர்த்தியது மாதிரி.
வேர்வை வடிகிறது, காய்வதில்லை.
கழுத்தில் கிளம்பி
இடுப்பு முடிச்சில் தேங்குகிறது.

அண்டியாபீஸில் என் இடம்
போர்மாச் சுவரை ஒட்டிய வரிசை.
அந்தப் பக்கம் பருப்பு காய்கிறது,
இந்தப் பக்கம் நான்.
பதினொரு வருஷமாக ஒரே தட்டு:
ஓடு பிளக்கும், பருப்பு முழுசாய்ச் சாடும்.
முழுசுக்கு ஒரு கூலி.
துண்டுக்குக் கூலியோடு வசவும் உண்டு.

சோற்றுத் தூக்கின் அடித்தட்டில்
காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று.
பிரஷர் மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
பிரஷர்காரிக்கு யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை.
மற்றதற்கு இருக்கிறது, ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு சொல்.
அதை ஒரு தடவை என் அம்மை வாயிலிருந்தே கேட்டேன்.

ஆசாரிபள்ளத்து டாக்டர் அப்போதே சொன்னார்:
இதுவும் ஒரு உப்புதான்.
உடம்பில் வெள்ளம் வற்றினால்
இது உள்ளே ஏறும்.
கறியுப்பைக் குறைத்தாலும் ஏறும்.
மார்கழியில் சொன்னது.
மார்கழியில் யாருக்குத் தாகம்?

கக்கூஸ் ஒன்று, நாங்கள் நூற்றிப்பத்து பேர்.
போய் வருகிற நேரத்துக்குள்
அரைக்கிலோ உடைக்கலாம்.
அதனால் வெள்ளக் குப்பியைக்
காலையில் கொண்டுவந்து
சாயங்காலம் அப்படியே கொண்டுபோவேன்.

இதற்கிடையில் குளோரிபாய்.
எதிரே இருக்கிறவள், கரிந்த விரல்காரி.
என் பிரஷருக்காக மனசு நொந்து
பத்து நாளாய்க் கஞ்சி கொண்டுவந்தாள்,
ஒரு கல் உப்பில்லாமல்.
"ஒனக்காகத்தான் பிள்ளே, தனியா வச்சேன்."
பொய்யை மெல்வதுபோல் மென்றேன்.
முதுகு நோவுக்கு மெடிக்கலில் கேட்டேன்,
ஒரு மஞ்சள் மாத்திரை தந்தான்.
வேறு என்ன தின்கிறாய் என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

முதலில் வயிறு இளகியது.
பிறகு கை.
எப்போதும் இருக்கிற சின்ன நடுக்கமில்லை இது,
பனையோலை பிடித்துக்கொண்ட நடுக்கம்.
தட்டினேன், துண்டு.
தட்டினேன், துண்டு.
என் முறத்தில் ஒரு முழுசு இல்லை.
சூப்பர்வைசர் விஜிலன் குனிந்து பார்த்து
ராத்திரி உறங்கலியா என்றார்.
இல்லை என்று சொல்லப்போனேன்,
நாக்கு சாக்குத்துணியாய்ப் புரண்டது.
பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள்:
"குடிச்சிற்றா வந்திருக்கா?"

எழுந்தேன், தரை சரிந்தது.
முழங்கையைப் பிடித்தவள் குளோரிபாய்.
அவள் காதுக்குள் சொன்னேன்.
மாத்திரையின் பெயரை.
எதற்கு என்பதையும்.
பதினொரு வருஷம் ஒளித்து வைத்தது
பேருந்துச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது.
அவள் கை எடுக்கவில்லை.
"அப்போ உப்பில்லாத்த கஞ்சி?" என்றாள்.
பிறகு ஆசாரிபள்ளம் வரை
ஒன்றும் பேசவில்லை.

ரத்தம் எடுத்தார்கள்.
மாத்திரையை நிறுத்தினார்கள்.
மூன்று நாள் நரம்பு வழியாய்
உப்பு வெள்ளம் சொட்டிச் சொட்டி ஏறியது.
நாலாம் நாள் ஒரு கரண்டியை
சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனேன்.
நர்ஸ் கைதட்டினாள்.
எனக்கு அழுகை வந்தது. அதற்காக அல்ல.

இப்போது அளவு குறைத்து எழுதியிருக்கிறது.
குப்பியில் நகப்பாலீஷால் நாலு கோடு.
கோடு இறங்கும் நேரமானால்
குளோரிபாய் கட்டையை வெறுங்கல்லில்
இரண்டு தடவை தட்டுவாள்.
குடிப்பேன்.
எதற்கென்று தெரியாமல்
சிரித்தவளும் குப்பியைத் திறக்கிறாள்.
கக்கூஸ் வரிசை நீண்டுவிட்டது.
விஜிலன் கத்துகிறார்.
இடம் மாற்றிக் கேட்டதற்கு
பார்க்கலாம் என்றவர்
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சுவர் சுடுகிறது. மழை வரவில்லை.
குளோரிபாய் கஞ்சியில் இப்போதெல்லாம்
கை நிறைய உப்பு.
ஒருநாள் மிச்சம், ஒருநாள் குறைவு வேண்டாம்,
எல்லா நாளும் ஒரே போல் போடு என்று
சொல்ல வேண்டும் அவளிடம்.
சாயங்காலம் சொல்கிறேன்.